ஐந்து முறை தோற்ற அபேட்சகர்

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



ஒரு தேர்தலில் ஓட்டு எண்ணி முடிந்த அன்று ராத்திரி, மில் தோழர் ஒருவர் என்னிடம் வந்தார். “அண்ணே, டெபாசிட்டே போச்சே! ஜெயிக்க மாட்டோம் என்று தெரிந்தும் எதற்கு நிற்கிறோம்? அந்தப் பணம் சங்கத்தில் இருந்தால் வேலை போன நாலு பேருக்குக் கேஸ் நடத்தலாமே?” என்று கேட்டார். அவர் ஒதுங்கி நின்று கேலி பேசுகிறவர் அல்ல. அந்தப் பணத்துக்காக கேட் வாசலில் துண்டை ஏந்தி வசூல் செய்தவரே அவர்தான். அன்று நான் ஏதோ பதில் சொன்னேன். அது எனக்கே திருப்தியாக இல்லை. அதனால் இன்று ஒரு மனிதரின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். அந்த மனிதர் அமெரிக்க ஜனாதிபதி பதவிக்கு ஐந்து முறை நின்றார். ஐந்து முறையும் தோற்றார். ஐந்தாவது முறை ஜெயிலுக்குள் இருந்துகொண்டே நின்றார். யூஜின் விக்டர் டெப்ஸ் என்பது அவர் பெயர்.

அமெரிக்கா என்றதும் நமக்கு டாலரும் குண்டும்தான் ஞாபகம் வரும். அந்த நாட்டிலும் தொழிலாளி இருந்தான், போராடினான், சுடப்பட்டான் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. நாம் கொண்டாடும் மே தினமே சிகாகோவிலிருந்து வந்ததுதானே!

ஒரு நாளைக்கு அரை டாலர்

இண்டியானா மாகாணத்தில் டெர்ரா ஹோட் என்று ஒரு ரயில்வே ஊர். அங்கே 1855 நவம்பர் 5ந் தேதி டெப்ஸ் பிறந்தார். தாய் தந்தையர் பிரெஞ்சு தேசத்தின் அல்சேஸ் பகுதியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். சின்ன மளிகைக்கடை நடத்தினார்கள். தகப்பனாருக்குப் புத்தகப் பித்து உண்டு. யூஜின் ஸூ, விக்டர் ஹ்யூகோ என்ற இரண்டு பிரெஞ்சு எழுத்தாளர்களின் பெயரைச் சேர்த்து மகனுக்கு வைத்தார்.

பதினான்காவது வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு ரயில்வே பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். எஞ்சின்மேல் இருக்கும் பழைய பெயிண்டைச் சுரண்டி எடுக்கிற வேலை. கூலி நாளைக்கு 50 சென்ட், அதாவது அரை டாலர். பிறகு எஞ்சினில் கரி தள்ளும் பயர்மேன் ஆனார். பயர்மேன் வேலை என்றால் அந்தக் காலத்தில் உயிர் நிச்சயமில்லை. பாய்லர் வெடிக்கும், வண்டி கவிழும். தாயார் பயந்துபோய் வற்புறுத்தவே வேலையை விட்டு ஒரு மொத்தக் கடையில் கணக்கெழுதப் போனார். ஆனால் 1875ல் அந்த ஊரில் பயர்மேன்கள் சங்கம் தொடங்கியபோது முதல் ஆளாகச் சேர்ந்தார். 1880ல் அந்தச் சங்கத்தின் அகில தேசக் காரியதரிசி. சங்கப் பத்திரிகையின் ஆசிரியரும் அவரே.

அப்போது அவர் சோஷலிஸ்ட் அல்ல. சொல்லப்போனால் வேலை நிறுத்தம் என்றாலே தயங்குகிறவர். டெமாக்ரடிக் கட்சிக்காரர், அந்தக் கட்சி சார்பில் மாகாண சட்டசபைக்கு ஒரு தடவை போனவர். அந்தக் கட்சியின் க்ளீவ்லண்ட் ஜனாதிபதிக்கு நின்றபோது அவருக்காக மேடை ஏறிப் பேசியவர். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் க்ளீவ்லண்ட் பின்னால் வருவார்.

ரயில்வேயில் அப்போது டிரைவருக்கு ஒரு சங்கம், பயர்மேனுக்கு ஒரு சங்கம், பிரேக்ஸ்மேனுக்கு ஒரு சங்கம். ஒருவன் ஸ்டிரைக் செய்தால் அடுத்தவன் வண்டி ஓட்டுவான். தண்டவாளம் போடுகிற கூலிக்காரனை யாரும் சேர்த்துக்கொள்வதே இல்லை. நமது மில்லில் ஸ்பின்னிங்குக்கு ஒரு சங்கம், வீவிங்குக்கு ஒரு சங்கம் என்று இருந்தால் முதலாளி எப்படிச் சிரிப்பான்? அந்தச் சிரிப்பை டெப்ஸ் பத்து வருஷம் பார்த்தார். பிறகு பயர்மேன் சங்கத்தின் நல்ல சம்பளத்தை உதறிவிட்டு, 1893ல் சிகாகோவில் அமெரிக்க ரயில்வே யூனியனைத் தொடங்கினார். வருஷச் சந்தா ஒரு டாலர். எந்தப் பிரிவுத் தொழிலாளியும் சேரலாம்.

அடுத்த வருஷம் ஏப்ரலில் கிரேட் நார்தர்ன் ரயில்வேயில் கூலியை வெட்டினார்கள். பதினெட்டு நாள் ஒரு வண்டி நகரவில்லை. கம்பெனி பணிந்தது. டெப்ஸ் ஊர் திரும்புகிற வண்டி புறப்பட்டபோது, தண்டவாள ஓரம் நெடுக கூலிக்காரர்கள் ஒரு கையில் மண்வெட்டியும் ஒரு கையில் கழற்றிய தொப்பியுமாக நின்றார்கள். எந்த மாலையையும்விட அதைப் பெரிதாக நினைத்தார் டெப்ஸ்.

புல்மன் பட்டணம்

சிகாகோவுக்குத் தெற்கே புல்மன் என்று ஒரு பட்டணம். ரயிலில் பணக்காரர்கள் தூங்கிக்கொண்டு போகிற சொகுசுப் பெட்டிகளைக் கட்டும் ஜார்ஜ் புல்மன் என்ற முதலாளியின் சொந்தப் பட்டணம். வீடு அவனுடையது, கடை அவனுடையது, மாதா கோயில் கட்டடம்கூட அவனுடையது. அதற்கும் வாடகை கேட்டான். லைன் வீட்டில் குடியிருக்கிற தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1893ல் பொருளாதார நெருக்கடி வந்தது. கூலியைச் சராசரியாக நாலில் ஒரு பங்கு வெட்டினான். வீட்டு வாடகையில் ஒரு சென்ட் குறைக்கவில்லை. பங்குதாரர்களுக்கு வழக்கமான எட்டு சதவிகித லாப ஈவையும் நிறுத்தவில்லை. வாடகையைப் பிடித்துக்கொண்டபிறகு ஒரு தொழிலாளியின் கைக்கு வந்தது இரண்டே சென்ட் என்று அந்த ஊர்ப் பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். ஜென்னி கர்ட்டிஸ் என்ற தையல் தொழிலாளிப் பெண் யூனியன் மாநாட்டுக்கு வந்து பேசினாள். அவள் தகப்பன் பத்து வருஷம் புல்மனிடம் உழைத்தவர். அவர் செத்தபோது வாடகை பாக்கி 60 டாலர். அந்தப் பாக்கியை இந்தப் பெண்ணின் கூலியிலிருந்து கம்பெனி பிடித்துக்கொண்டிருந்தது. செத்தவன் கடனையும் விடவில்லை!

1894 மே மாதம் புல்மன் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். ஜூன் 26ந் தேதி முதல், எந்த ரயிலில் புல்மன் பெட்டி இருக்கிறதோ அந்த ரயிலைத் தொடமாட்டோம் என்று ரயில்வே யூனியன் அறிவித்தது. சில நாட்களில் ஒன்றேகால் லட்சம் பேர் வேலையை நிறுத்தினார்கள். சிகாகோவுக்கு மேற்கே ரயில் போக்குவரத்து நின்றது.

இப்போது சர்க்கார் என்ன செய்தது, பாருங்கள். ரயில்வே முதலாளிகள் வேண்டுமென்றே தபால் வண்டிகளில் புல்மன் பெட்டியைக் கோத்தார்கள். தபாலுக்குத் தடை என்று கூச்சல் போட்டார்கள். அட்டர்னி ஜெனரல் ஓல்னி என்பவர் அதுவரை ரயில்வே கம்பெனிகளுக்கே வக்கீலாக இருந்தவர். அவர் கோர்ட்டில் தடையுத்தரவு வாங்கினார். எந்தச் சட்டத்தின்கீழ் என்று நினைக்கிறீர்கள்? ஏகபோக முதலாளிகளைக் கட்டுப்படுத்துவதற்கென்று 1890ல் கொண்டுவந்த சட்டத்தின்கீழ்! முதலாளிக்குப் போட்ட விலங்கு தொழிலாளியின் கையில் மாட்டப்பட்டது. தந்தி அடித்து ஸ்டிரைக்கை நடத்துவதும் குற்றம், வேலைக்குப் போகாதே என்று ஒருவனிடம் சொல்வதும் குற்றம் என்று ஆக்கினார்கள். மாகாண கவர்னர் ஆல்ட்ஜெல்ட், பட்டாளம் வேண்டாம் என்று ஆட்சேபித்தார். அவர் பேச்சைத் தள்ளிவிட்டு, ஜூலை 4ந் தேதி, அமெரிக்காவின் சுதந்திர தினத்தன்று, பட்டாளம் சிகாகோவில் இறங்கியது. அனுப்பியவர் ஜனாதிபதி க்ளீவ்லண்ட். ஆமாம், டெப்ஸ் ஓட்டுக் கேட்ட அதே க்ளீவ்லண்ட்!

இன்னொரு வேடிக்கை. அந்த ஸ்டிரைக் தொடங்கி இரண்டாவது நாள், ஜூன் 28ந் தேதி, செப்டம்பரில் ஒரு நாளைத் ‘தொழிலாளர் தின’ விடுமுறையாக ஆக்கும் சட்டத்தில் இதே ஜனாதிபதி கையெழுத்துப் போட்டார். ஒரு கையால் லீவு. மறு கையால் துப்பாக்கி. அமெரிக்காவில் இன்றைக்கும் அந்த நாள்தான் லீவு, மே தினம் அல்ல.

சுமார் முப்பது பேர் செத்தார்கள். ஸ்டிரைக் உடைந்தது. யூனியன் நொறுங்கியது. டெப்ஸுக்குக் கோர்ட்டை அவமதித்ததாக ஆறு மாதச் சிறை.

ஒரு தவறையும் இங்கே சொல்ல வேண்டும். மறைத்தால் நாம் கம்யூனிஸ்டுகள் அல்ல. ஸ்டிரைக்குக்கு முன்பு நடந்த யூனியன் மாநாட்டில் கறுப்புத் தொழிலாளர்களையும் சேர்க்க வேண்டும் என்று டெப்ஸ் வாதாடினார். ஓட்டெடுத்தார்கள். சேர்க்கக்கூடாது என்று 112 ஓட்டு, சேர்க்கலாம் என்று 100 ஓட்டு. பன்னிரண்டு ஓட்டில் கதவை மூடினார்கள். புல்மன் பெட்டிகளில் படுக்கை விரித்து, பூட்ஸ் துடைத்து வேலை செய்த போர்ட்டர்கள் யார்? கறுப்பு மக்கள்தானே! புல்மனை எதிர்த்து ஸ்டிரைக், ஆனால் புல்மன் கூலியாட்களில் ஒரு பகுதிக்குச் சங்கத்தில் இடமில்லை. அந்த ஸ்டிரைக்குக்குள் பட்டாளம் வருவதற்கு முன்பே ஓட்டை விழுந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். அந்தப் போர்ட்டர்கள் 1925ல் தங்கள் சங்கத்தைத் தாங்களே கட்டினார்கள். 1937ல் புல்மன் கம்பெனியை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தார்கள். அதைக் கட்டிய ராண்டால்ஃப், டெப்ஸின் சோஷலிஸ்ட் கட்சியில் வளர்ந்தவர். தன்னோடு தோளோடு தோள் நிற்பவனின் நிறத்தையோ பிறப்பையோ பார்த்துக் கதவடைக்கிற சங்கம் நம் ஊரில் இல்லை என்று நம்மால் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? இதற்கு மேல் நான் விரிக்கவில்லை.

ஜெயிலில் படித்த பாடம்

வுட்ஸ்டாக் ஜெயிலில் டெப்ஸுக்குப் படிக்க நேரம் கிடைத்தது. காட்ஸ்கியின் நூல்களைப் படித்தார். மில்வாக்கி நகரின் சோஷலிஸ்ட் விக்டர் பெர்கர், மார்க்ஸின் ‘மூலதனம்’ நூலைக் கொண்டுவந்து கொடுத்தார். 1895 நவம்பரில் விடுதலையாகி சிகாகோ வந்தபோது கொட்டுகிற மழையில் ஒரு லட்சம் பேர் திரண்டதாகச் சொல்கிறார்கள். உடனே சோஷலிஸ்ட் ஆகிவிட்டார் என்று நினைக்காதீர்கள். 1896லும் டெமாக்ரட் பிரையனுக்குத்தான் ஆதரவு கொடுத்தார். 1897 புது வருஷத்தில்தான் தாம் சோஷலிஸ்ட் என்று அறிவித்தார். நாற்பது வயது தாண்டி, பதவியும் பேரும் பார்த்தபிறகு வந்த மாற்றம் அது. ஒரு தோழர் வர்க்க உணர்வு பெற ஆறு மாதம் ஆகிறதே என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

1900ல் முதல் முறையாக ஜனாதிபதி அபேட்சகர். சுமார் 88 ஆயிரம் ஓட்டு. 1904ல் 4 லட்சம். 1908ல் கட்சி ஒரு ரயிலையே வாடகைக்குப் பிடித்தது. ‘சிவப்பு ஸ்பெஷல்’ என்று பெயர். பிரசுரங்களும் பாண்டு வாத்தியமும் ஏற்றிக்கொண்டு முந்நூறுக்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் போனார்கள். இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது, முதலாளிக் கட்சிதான் கொடுத்திருக்கும் என்று சமரசத் தொழிற்சங்கத் தலைவர் காம்பர்ஸ் பழி சொன்னார். கட்சி என்ன செய்தது தெரியுமா? காசு கொடுத்தவர்களின் பட்டியலை அப்படியே அச்சடித்துப் போட்டது. எல்லாம் தொழிலாளிகளின் சில்லறை. நமது வசூல் தோழர்கள் ரசீதுக் கட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ள இதைவிட வேறு காரணம் வேண்டுமா!

அந்த முறை ஓட்டு 4 லட்சத்து 20 ஆயிரம்தான். பெரிய ஏற்றமில்லை. 1912ல் 9 லட்சம், நூற்றுக்கு ஆறு.

என்ன கேட்டார்கள்?

1912 தேர்தல் அறிக்கையை எடுத்துப் பார்த்தால், நமது சங்கக் கோரிக்கை நோட்டீஸ் மாதிரியே இருக்கும். ரயில்வே, தந்தி, டெலிபோன், சுரங்கம், பாங்கு எல்லாம் பொதுச் சொத்தாக வேண்டும். இயந்திரத்தின் உற்பத்திச் சக்தி கூடக்கூட வேலை நேரம் குறைய வேண்டும். (புது மெஷின் வந்தால் ஆளைக் குறைப்பது ஒன்றுதான் வழி என்று சொல்கிற மானேஜர்களுக்கு இது நூறு வருஷத்துக்கு முன்பே சொன்ன பதில்.) வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது. அப்போது தெற்கு மாகாணப் பஞ்சாலைகளில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் கதிர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். குறைந்தபட்சக் கூலி. முதியோருக்குப் பென்ஷன். வேலையில்லாதவனுக்கும் விபத்தில் அடிபட்டவனுக்கும் இன்ஷூரன்ஸ். பெண்களுக்கு ஓட்டு. வருமானம் ஏற ஏற வரி ஏற வேண்டும். கோர்ட்டு தடையுத்தரவு போடும் அதிகாரத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். சட்டசபை போட்ட சட்டத்தைச் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்யும் அதிகாரம் ஒழிய வேண்டும், செனட் என்ற மேல் சபையே ஒழிய வேண்டும் என்றுகூடக் கேட்டார்கள்.

ஓட்டு எங்கே விழுந்தது? நியூயார்க், சிகாகோ என்று நினைப்பீர்கள். டெப்ஸுக்கு மிக அதிக விகிதம் ஓட்டு போட்ட மாகாணங்களில் ஒன்று ஓக்லஹோமா. அது பருத்தி விளைகிற பட்டிக்காடு. விவசாயிகளில் பாதிக்கு மேல் சொந்த நிலமில்லாத குத்தகைக்காரர்கள். கண்டுமுதலில் தானியமானால் மூன்றில் ஒரு பங்கும், பருத்தியானால் நாலில் ஒரு பங்கும் நிலக்காரனுக்கு அளக்க வேண்டும். மீதியை வட்டிக்காரன் பார்த்துக்கொள்வான். அடுத்த வருஷம் வேறு பண்ணைக்கு மூட்டை கட்ட வேண்டும். ஆகஸ்டில், களை எடுத்து முடிந்து பருத்தி வெடிப்பதற்கு முன், இந்தக் குடும்பங்கள் வண்டி கட்டிக்கொண்டு, சோறும் பாயும் எடுத்துக்கொண்டு சோஷலிஸ்ட் முகாம்களுக்கு வரும். ஒரு வாரம் கூடாரத்தில் தங்கும். திருவிழா மாதிரி இருக்கும். பாட்டு, பொருளாதார வகுப்பு, ராத்திரி டெப்ஸ் பேச்சு. கைநீட்டிக் குனிந்து, மேடையிலிருந்து விழுந்துவிடுவாரோ என்கிற மாதிரி பேசுவாராம்.

நிலமெல்லாம் பொதுச் சொத்து என்று மொட்டையாகச் சொன்னால் உழுகிறவன் மிரண்டு ஓடுவான் என்று அந்த மாகாணத் தோழர்கள் கண்டார்கள். உழுகிறவன் கையிலிருந்து நிலம் போகாது, குந்தித் தின்கிறவன் நிலத்துக்குத்தான் வரி ஏறும் என்று தெளிவாகத் திட்டம் எழுதினார்கள். கறுப்பு மக்களின் ஓட்டைப் பறிக்கும் சட்டத் திருத்தம் 1910ல் வந்தபோது அதை எதிர்த்தார்கள். 1912ல் அங்கே நூற்றுக்குப் பதினாறு பேருக்கு மேல் டெப்ஸுக்கு ஓட்டு போட்டார்கள். நமது கணக்கில் டெபாசிட் திரும்ப ஆறில் ஒரு பங்கு வேண்டுமல்லவா? அதற்கு மயிரிழைதான் குறைவு!

ஜெயிலிலிருந்து தேர்தல்

1917ல் அமெரிக்கா யுத்தத்தில் குதித்தது. யுத்தத்தை எதிர்த்துப் பேசினால் இருபது வருஷம்வரை சிறை என்று சட்டம் வந்தது. அந்த ஆகஸ்டில் ஓக்லஹோமாவில் வெள்ளை, கறுப்பு, செவ்விந்தியக் குத்தகைக்காரர்கள் பட்டாளத்துக்கு ஆளெடுப்பதை எதிர்த்துக் கிளம்பினார்கள். வழியில் கிடைக்கும் பச்சைச் சோளத்தைத் தின்றுகொண்டு வாஷிங்டன்வரை நடப்பதாக உத்தேசம். சில நாட்களில் நசுக்கிவிட்டார்கள். நூற்றுக்கணக்கில் கைது. அந்த மாகாணக் கட்சியே கலைந்துபோனது. அத்தனை ஓட்டு வாங்கிய கட்சி! ஓட்டு விழுந்த கிராமத்தில் அடக்குமுறையைத் தாங்கும் ஸ்தாபனம் இருக்கவில்லை.

1918 ஜூன் 16ந் தேதி ஓஹையோ மாகாணம் கான்டன் ஊரில் டெப்ஸ் பேச வந்தார். வயது அறுபத்திரண்டு, உடம்பு சரியில்லை. முதலில் அருகிலிருந்த ஜெயிலுக்குப் போய், ஆளெடுப்பை எதிர்த்ததற்காக அடைபட்டிருந்த மூன்று தோழர்களைப் பார்த்தார். அந்த மூவரில் ஒருவர் ருதன்பர்க், பின்னால் அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவரானவர். பிறகு பூங்காவில் மேடையேறி இரண்டு மணி நேரம் பேசினார். யுத்தத்தை அறிவிப்பது எப்போதும் எசமான வர்க்கம், சாவது எப்போதும் உழைக்கும் வர்க்கம் என்றார். கூட்டத்தில் சர்க்காரின் சுருக்கெழுத்தாளர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரத்தில் கைது. விசாரணையில் டெப்ஸ் தரப்பில் சாட்சி ஒருவரும் இல்லை. பேசியது உண்மை, ஒரு வார்த்தையையும் திரும்பப் பெற மாட்டேன் என்று ஜூரிகளிடம் தாமே சொன்னார். கீழ் வர்க்கம் என்று ஒன்று இருக்கிறவரை தாம் அதில் ஒருவர் என்று நீதிபதியின் முகத்துக்கு நேரே சொன்னார். பத்து வருஷத் தண்டனை. சுப்ரீம் கோர்ட்டும் 1919 மார்ச்சில் உறுதி செய்தது. அமெரிக்கத் தொழிலாளர்களுக்கு எழுதிய கடிதத்தில் லெனின் இவரைப் பெயர் சொல்லிப் பாராட்டியிருக்கிறார். டெப்ஸும் போல்ஷ்விக் புரட்சியை உச்சி முதல் உள்ளங்கால்வரை ஆதரித்தார்.

ஆனால் 1919ல் கட்சி பிளந்து கம்யூனிஸ்டுகள் வெளியேறியபோது அவர் சோஷலிஸ்ட் கட்சியிலேயே நின்றுவிட்டார். உட்கட்சிச் சண்டை என்றாலே ஒதுங்குகிற சுபாவம் அவருக்கு ஆரம்பத்திலிருந்து உண்டு. மாநாடுகளுக்குக்கூட வரமாட்டார்; மேடைக்கு வருவார். ஸ்தாபனத்தைக் கட்டுகிற வேலை மற்றவர் கையில் இருந்தது. ஜனங்கள் அவரை நேசித்தார்கள், கட்சிக் கமிட்டியை நேசிக்கவில்லை. இது அவருடைய குறை. அவரைக் கும்பிடத் தேவையில்லை. கும்பிடுவதை அவரே விரும்பவில்லை. தம்மால் தொழிலாளிகளைச் சொர்க்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போக முடிந்தாலும் போகமாட்டேன், இன்னொருவன் வந்து அவர்களை வெளியே ஓட்டிக்கொண்டு போய்விடுவான் என்ற கருத்தை மேடைக்கு மேடை சொன்னவர் அவர்.

1920ல் அட்லாண்டா ஜெயிலில் அவர் கைதி எண் 9653. அந்த எண்ணையே சட்டைப்பையில் குத்தும் பட்டனாக அடித்து ஓட்டுக் கேட்டார்கள். வாரம் ஒரு அறிக்கை, 500 வார்த்தைக்கு மேல் போகக்கூடாது. அவ்வளவுதான் அனுமதிக்கப்பட்ட பிரசாரம். மேடையில்லை, ரயிலில்லை. 9 லட்சத்துக்கு மேல் ஓட்டு. அந்த வருஷம் பெண்களுக்கும் ஓட்டு வந்துவிட்டதால் விகிதம் மூன்றரைக்கும் கீழே இறங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணக்கில் ஏமாற்றக் கூடாது.

ஜனாதிபதி வில்சன் விடுதலைக்கு மறுத்தார். அடுத்து வந்த ஹார்டிங் 1921 கிறிஸ்துமஸ் அன்று தண்டனையைக் குறைத்து விடுதலை செய்தார். டெப்ஸ் வாசலைத் தாண்டியபோது ஜெயிலுக்குள் இருந்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கைதிகள் ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு ஆரவாரம் செய்தார்கள்.  அவர் கண்ணீர் விட்டு நின்றார். விடுதலைக் கைதிக்குக் கொடுத்த ஐந்து டாலரை, சாக்கோ-வான்ஸெட்டி என்ற இரண்டு தொழிலாளிகளின் வழக்கு நிதிக்கு அனுப்பிவிட்டார். 1926 அக்டோபர் 20ந் தேதி காலமானார். பறித்த பிரஜா உரிமையை அமெரிக்க சர்க்கார் திருப்பிக் கொடுத்தது 1976ல், செத்து ஐம்பது வருஷம் கழித்து.

தோழர் கேட்ட கேள்வி

இப்போது அந்தத் தோழரின் கேள்விக்கு வருகிறேன். ஐந்து முறை நின்று என்ன ஆயிற்று?

வருமான வரி 1913ல் வந்தது. பெண்களுக்கு ஓட்டு 1920ல். ஸ்டிரைக்குக்கு எதிரான கோர்ட்டுத் தடையுத்தரவைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1932ல். முதியோர் பென்ஷனும் வேலையில்லாதோர் இன்ஷூரன்ஸும் 1935ல். குறைந்தபட்சக் கூலியும் குழந்தை உழைப்புத் தடையும் 1938ல். டெப்ஸ் கேட்டபோது பைத்தியக்காரத்தனம் என்று சொன்ன அதே கட்சிகள்தான் இவற்றைச் சட்டமாக்கின. ஏன் ஆக்கின? மனம் இளகியா? 1930க்குப் பிறகு ஆலைகளிலும் துறைமுகங்களிலும் நடந்த ஸ்டிரைக்குகளைப் பார்த்துப் பயந்து. அந்த ஸ்டிரைக்குகளை நடத்தியவர்களில் ஏராளமானோர் டெப்ஸின் கூட்டங்களிலும் பத்திரிகைகளிலும் அரசியல் படித்தவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள். இந்தக் காலத்தில் 2016லும் 2020லும் ஜனாதிபதி அபேட்சகராக முயன்ற பெர்னி சாண்டர்ஸ்கூட 1979ல் டெப்ஸைப் பற்றி ஒரு படம் எடுத்தவர்தான். அவரும் கட்சி டிக்கெட் கிடைக்காமல் தோற்றார் என்பது வேறு விஷயம்.

அப்படியானால் நின்றது சரிதான், கதை முடிந்தது என்று போய்விடலாமா? முடியாது. விவசாயத் தொழிலாளித் தோழர்கள் கொஞ்சம் கவனியுங்கள். 1935 பென்ஷன் சட்டத்தில் விவசாயக் கூலிகளுக்கு இடமில்லை. வீட்டு வேலைக்காரர்களுக்கும் இல்லை. 1938 குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலும் விவசாயக் கூலிகளை விட்டுவிட்டார்கள். சங்கம் வைக்கிற உரிமைக்கென்று 1935ல் வந்த சட்டம் இன்றைய தேதிவரை பண்ணைக் கூலியை வெளியே வைத்திருக்கிறது. தெற்கு மாகாணப் பண்ணையார்களின் பிரதிநிதிகள் காங்கிரஸ் சபையில் பலமாக இருந்தார்கள். அங்கே வயலில் உழைத்தவர்களில் பெரும்பகுதி கறுப்பு மக்கள். அவர்களுக்கு ஓட்டும் இல்லை, பேச ஆளும் இல்லை. 1912ல் பதினாறு சதவிகிதம் ஓட்டு போட்ட ஓக்லஹோமா குத்தகைக்காரர்களின் ஸ்தாபனம் 1917லேயே நொறுக்கப்பட்டிருந்தது. இருந்திருந்தால் அந்த வரியை அவ்வளவு சுலபமாக எழுதியிருப்பார்களா?

நம் கோரிக்கையை அடுத்தவன் கையால் வாங்கும்போது, அவன் எங்கே வெட்டுகிறான் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. எங்கே நமக்கு ஆள் இல்லையோ அங்கே வெட்டுகிறான். அன்று அந்த மில் தோழருக்கு நான் சொல்லத் தவறியது இதுதான். டெபாசிட் போன தொகுதியில் நமக்கு விழுந்த ஓட்டு எந்தெந்தத் தெருவில், எந்தெந்தச் சேரியில், எந்த லைனில் விழுந்தது என்று நாங்கள் எழுதி வைக்கவில்லை. கொடியை இறக்கினோம், போஸ்டர் பசை வாளியைக் கழுவி வைத்தோம், அடுத்த வேலையைப் பார்க்கப் போனோம். ஓட்டு போட்டவர்களின் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. பணம் வீணானது அங்கேதான். அதற்கு நானும் பொறுப்பு.

என் பேச்சை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்தத் தோழர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். முதல் கேள்வியை அவரே கேட்கட்டும்.